அசரியாவின் முதுகு

எங்கள் சபையில் யாருக்கும் அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தை லேசில் நிறுத்திவிட மாட்டார்கள். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடந்தவனுக்கே ஆறு மாதத்தில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள். அசரியாவுக்கு மட்டும் வருஷக்கணக்காக நிறுத்தி வைத்தார்கள். அவர் செய்த குற்றம், ஒரு இங்கிலீஷ் படத்தில் சாமி கும்பிட்டது.

சிரிக்க வேண்டாம். நான் அவருக்குப் பக்கத்து வீடு; பெயர் தபீதாள், மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். இந்தக் கூத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துத் தொலைத்தவள்.

அசரியாவுக்கு சித்தூர் மாம்பழக் கூழ் கம்பெனியில் டின் மூடுகிற வேலை, அதுவும் சீசனுக்கு மட்டும். கல்யாணத்துக்கு முந்தி, வெள்ளைக்காரப் படக் கம்பெனி ஒன்று மாமண்டூர்க் காட்டில் வந்து இறங்கி, அதையே ஆப்பிரிக்கா என்று சொல்லிப் படம் எடுத்தது. கூலிக்கு ஆள் பிடித்தார்கள். இவரும் போனார். உடம்பு முழுக்கக் கரியைப் பூசி, இடுப்பில் தழையைக் கட்டி, பனைமர உயரச் சிலை ஒன்றின் முன்னால் கும்பலோடு விழுந்து கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய காரியம் அதுதான். டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். அது போதகர் காதுக்குப் போயிற்று.

"அது மாவு பொம்மைங்க ஐயா. பின்னால போய்ப் பாத்தா மூங்கில் தட்டி. கும்புடச் சொன்ன தொரையே கழுத்துல சிலுவ போட்டுக்கினு இருந்தாரு" என்றார் அசரியா.

"எதுல செஞ்சா என்னப்பா, விக்கிரகம் விக்கிரகம்தான். சபை முன்னால தப்புன்னு சொல்லு. ஒரு வருஷம் காத்திரு. அப்புறம் திருவிருந்துக்கு வா."

"நடிச்சதுக்கு எதுக்குங்க தப்புன்னு சொல்லணும்?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து கடைசி பெஞ்சு. அவர் மனைவி கிருபாவதி, ஆஸ்பத்திரி ஆயா, மாதாமாதம் தனியாக முன்னால் போய் முழங்கால் போட்டுவிட்டு வருவாள். குழாயடியில் யாராவது "சினிமாக்காரன் பொண்டாட்டி" என்று ஜாடை பேசினால் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள்.

"ஆமா, எங்க வூட்டுக்காரு இங்கிலீஷ் படத்துல கீறாரு. உங்க வூட்டுக்காரு எதுல கீறாரு?"

அந்தப் படத்தை அவளும் பார்த்ததில்லை, ஊரிலும் யாரும் பார்த்ததில்லை. புருஷன் சொன்னார், அவள் நம்பினாள். பிள்ளை குட்டி கிடையாது. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த அசரியாவுக்குப் புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அரிக்கிறது என்று இவரே பாதியில் பிய்த்துப் போட்டதில் வலது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. வாசலில் உட்கார வைத்து, அதில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே "என் ஒட்டகமே" என்பாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டரம்மா என்னிடமே சொல்லிவிட்டார். கிருபாவதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவரு பக்கத்துல ஒரே ஒருவாட்டி முட்டி போட்டு திருவிருந்து எடுக்கணும்க்கா."

அவளிடம் ஒரு வருஷம் இருக்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்தா அந்தப் பாழாய்ப்போன படம் சித்தூருக்கு வர வேண்டும்? ஞாயிறு காலை ஒரே ஒரு காட்சி, சரியாக ஆராதனை நேரத்தில். அசரியா போனார். திரும்பி வந்து என் வாசலில் உட்கார்ந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கூட்டமா குப்புற விழுந்து கெடக்கறோம். வெறும் முதுகுதான். ஒருத்தன் மூஞ்சியும் தெரியல. நல்லா விழுங்கடான்னாங்க, நானும் நல்லா விழுந்துட்டேன்."

படம் வந்த சேதி கேட்டுப் போதகருக்கு ஒரு யோசனை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், கிருபாவதிமேல் இரக்கம் உள்ளவர். இரண்டு சாட்சி இல்லாமல் யாரையும் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று வேதத்தில் இருக்கிறதே, படம் பார்த்தவர்களைக் கேட்டுவிடலாம் என்றார். சினிமாவே பாவம் என்கிற சபையில் எவன் 'நான் டாக்கீசுக்குப் போனேன்' என்று வாயைத் திறப்பான்? ஆகவே வெளியாட்களைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் காப்பி கொடுக்கும் சாக்கில் நானும் போய் நின்றுகொண்டேன்.

டீக்கடை முனியப்பன் முதலில். "ஆனை நடிச்சிது பாருங்க, அதான் நடிப்பு. அந்த ஈரோ சேத்துல பொரண்டு எழுந்துக்கறான், வாருன தல கலையல. எவனும் நம்ப மாட்டான்."

பூக்காரி தாட்சாயணிக்குக் கதாநாயகிமேல் கோபம். "குதிகால் செருப்பு போட்டுக்கினு காடு பூரா ஓடறா, ஒரு முள்ளு குத்தல. கத்தறதுக்கே சம்பளம் வாங்கியிருப்பா போல."

கோவர்த்தனன் டாக்கீஸில் டிக்கெட் கிழிப்பவன். "ஆப்பிரிக்கான்றான், காட்டுக்காரன் பூரா தெலுங்குல திட்டறான் சார். ஜனம் உயுந்து உயுந்து சிரிச்சிது. சிங்கம் வர்ற எடத்துல பிலிம் அறுந்துது, அதுக்கு என்னை அடிக்க வந்தாங்க."

"அசரியாவைப் பார்த்தீங்களா?" என்று போதகர் கேட்டார்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அவரா? எங்கியும் காணமே" என்றான் முனியப்பன்.

போதகருக்கு முகம் மலர்ந்தது. அசரியாவைக் கூப்பிட்டார். "சாட்சி இல்லைப்பா. அப்போ நீ கும்பிடவும் இல்லை, படத்துல இருக்கவும் இல்லை. பெருமைக்குச் சொன்ன பொய். விக்கிரகத்துக்குத்தான் ஒரு வருஷம், பொய்க்குக் காத்திருக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை சபையில ஒத்துக்கிட்டா அன்னைக்கே திருவிருந்து."

முதுகு, தோள்பட்டை என்று அசரியா ஏதோ ஆரம்பித்தார். பிறகு பாதியில் நிறுத்தி, "சரிங்க ஐயா" என்றார். தான் ஒத்துக்கொள்ளப் போவதை வீட்டில் அவளிடமும் சொல்லவில்லை.

ஞாயிறன்று கிருபாவதியை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அசரியா எழுந்து முன்னால் போனார். "நான் அந்தப் படத்துல இல்ல. இத்தினி வருசம் சொன்னதெல்லாம் பொய்யி" என்றார். குழாயடிக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். கிருபாவதி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் நானும் அவருமாகக் கட்டிலில் படுக்க வைத்ததும் அவரைக் கேட்டாள். "அப்போ நீ அதுல இல்லியா?"

"இருக்கேன் கிருபா. உனக்காகத்தான் அங்க அப்பிடி சொன்னேன்."

"ஆண்டவர் முன்னால பொய் சொல்லிட்டா என்னைத் திருவிருந்து வாங்க வெச்ச? இல்ல, இப்ப எங்கிட்ட பொய் சொல்றியா?"

பாவத்தோடு வாங்குகிறவன் தன் ஆக்கினையை, அதாவது தண்டனையை, வாங்குகிறான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள். சாகப்போகிறவள். அசரியா அவள் போர்வையைக் காலடியில் இழுத்துச் செருகினார்.

"இல்ல. நான் அதுல இல்ல" என்றார்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊரு பூரா சண்ட போட்டேனேக்கா" என்று என்னிடம்தான் சொன்னாள். அதற்கப்புறம் அவரோடு அவள் அதிகம் பேசவில்லை. அடுத்த திருவிருந்துக்குள் அடக்கம் செய்துவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து அதே படம் திருப்பதியில் ஓடுவதாகக் கேள்விப்பட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். சபை என்னை என்ன செய்யுமோ செய்யட்டும். ஆனையைப் பார்த்தேன், கத்துகிறவளைப் பார்த்தேன். சிலை வந்தது. கரி பூசிய முதுகுகள் வரிசையாக விழுந்தன. ஓரத்தில் ஒரு முதுகில் வலது தோள்பட்டை துருத்திக்கொண்டு நின்றது.

வந்ததும் நேரே அவர் வீட்டுக்குத்தான் போனேன். எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கை எட்டாத தோளை எட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன் அசரியா. நீதான்" என்றேன்.

"முதுகு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"கிருபா பாத்திருந்தா ஒடனே நான்தான்னு சொல்லியிருப்பா" என்றார்.