மணலுக்குக் கட்டிய வேலி

பருத்தித்துறையைப் பின்னால் விட்டு நடந்துகொண்டிருந்தேன். தேத்தண்ணிக் கடையில் கிளாஸ் கழுவும் வேலை போய்விட்டது. மாவுத் தட்டுப்பாட்டால் பாணுக்குச் சனம் விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. விற்க ஒன்றுமில்லாத கடையில் கழுவவும் ஒன்றுமில்லை. கடற்கரையோடு தெற்கே போனால் கரைவலைக்காரர் கயிறு இழுக்கக் கூப்பிடுவார்கள் என்று சொன்னார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை.

வெளிச்சவீட்டைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் கரையில் கல் முடிந்து மணல் தொடங்கும். மணற்காடு என்ற ஊரில் அது பனை உயரத்துக்கு எழுந்து நிற்கும். அந்த மேடுகளையும், மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலையும் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வான் வண்டி பிடித்து வருவார்கள். நான் பார்க்கப் போகவில்லை, பசியோடு போனேன்.

ஒரு மேட்டின் அடியில் ஓலை வீடு ஒன்று இருந்தது. முன்னால் கடல், பின்னால் மணல். பின்பக்கம் சமைக்கிற குசினியின் சுவருக்கும் மணலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். என்னைவிடச் சற்று மூத்த பெண் ஒருவர் அங்கே தென்னோலையில் பின்னிய கிடுகுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வேலை ஏதும் இருக்குதோ?"

"வேலை வேண்டியளவு கிடக்கு. குடுக்கத்தான் ஒண்டுமில்லை."

"சாப்பாடு?"

"கூழ் இருக்கு. உந்தக் கிடுகுகளைத் தூக்கிக்கொண்டு மேலை ஏறு."

ஏறினேன். சோளகக் காற்று தரைப்பக்கமிருந்து மணலை அள்ளி மேட்டுக்கு மேலால் வீட்டுப் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தது. உச்சியில் தடி நட்டுக் கிடுகு கட்டினால் மணல் வீட்டுப் பக்கம் வராமல் அதற்கு அங்கால் தங்கும். அது மூடப்பட்டால் அதற்கு மேல் இன்னொரு வரிசை. அந்த வருசம் ஏற்கெனவே ஒரு வரிசை மூடிப்போயிருந்தது.

"புரட்டாதியோடை காத்து விழுந்திடும்," என்றார். "பிறகு மழை. நனைஞ்ச மணல் எழும்பாது. அதுவரைக்கும் குசினி நிண்டால் காணும்." புதைந்த கோயில் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். "அந்தோனியாரையே மூடின மணல். என்ரை அடுப்புக்கு என்ன மரியாதை தரப்போகுது?"

அவருடைய புருசன் கரைவலைக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும் மத்தியானத்துக்குள் வேலியைக் கட்டி முடித்தோம். கூழ் குடித்துக்கொண்டிருக்கும்போது வான் வந்து நின்றது.

பள்ளிக்கூட விடுமுறை. வான் நிறையச் சனம், ஒரு ரேடியோ. கோயிலைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பிறகு மேட்டில் ஏறினார்கள். ஒரு பொடியன் மணலில் உட்கார்ந்து சறுக்கிப் பார்த்தான். உடம்பு போகவில்லை. இன்னொருவன் வேலியிலிருந்து ஒரு கிடுகை உருவி அதன்மேல் உட்கார்ந்தான். அது பறந்தது. பிறகு எல்லோருக்கும் கிடுகு வேண்டியிருந்தது.

கூழ்ச் சிரட்டையை வைத்துவிட்டு ஓடினேன். மணலில் மேலே ஓடுவது நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல. "கழட்டாதேங்கோ! கீழை வீடு இருக்கு!" காற்று என் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

உச்சியில் காற்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு ஒரு தடித்த மனிதர் நின்றார்.

"என்ன தம்பி, மணலும் உம்மடையோ?"

"மணல் இல்லை அண்ணை. வேலி."

"மணலுக்கு வேலியோ! மச்சான், இஞ்சை வந்து கேள். மாடு பாயாமலோ தம்பி?"

எல்லோரும் சிரித்தார்கள். மூச்சு வாங்க விசயத்தைச் சொன்னேன். விளங்கியதும் அவருடைய முகம் மாறியது. கெட்ட மனிதர் இல்லை. "பிள்ளையள், காணும். வைச்சிட்டு வாங்கோ," என்று கூப்பிட்டார்.

"அப்பா, இன்னும் ஒருக்கா!"

"சரி, ஒருக்கா."

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருக்கா. ஒவ்வொரு சறுக்கலும் உச்சியில் கொஞ்சத்தை இழுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் அந்த இடம் பல் விழுந்த வாய்போல இருந்தது.

கீழே ஒரு பெண்பிள்ளை தண்ணீர் கேட்டாள். அக்கா கிணற்றில் அள்ளி வார்த்தார்.

"என்ன நல்ல தண்ணி! நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அக்கா. நாள் முழுக்கக் கடற்கரை."

"ஓம்," என்றார் அக்கா.

போகுமுன் அவர்கள் கிடுகுகளைப் பொறுக்கி வாசல் படலையடியில் ஒழுங்காக அடுக்கிவைத்தார்கள். தடித்த மனிதர் ஒரு வடைப் பார்சலும் தந்தார். வான் போனது.

"ஏன் அக்கா நீங்கள் ஏசயில்லை?"

"ஏசினால் மணல் திரும்பி ஏறுமோ?"

பின்னேரம் புருசன் ஈர்க்கில் கோத்த மீனோடு வந்தார். உச்சியைப் பார்த்தார். மீனைக் கீழே வைத்துவிட்டு நேராக ஏறினார். நாங்கள் மூன்று பேரும் கட்டினோம். பாதிக் கிடுகுகள் நடுவில் முறிந்திருந்தன. வாய் விட்ட இடத்தில் தடி நிற்கவில்லை, ஊன்ற ஊன்ற மணல் அதன் காலைக் கழற்றியது. ஒன்றைப் பிடிக்க மற்றது பறந்தது. சுளகில் அரிசி கொழிப்பது போன்ற சத்தத்தோடு மணல் எங்கள் கால்களுக்கு இடையால் கீழே போய்க்கொண்டே இருந்தது. கையால் தடுத்துப் பார்த்தேன். கையைச் சுற்றிக்கொண்டு போனது.

இருட்டியதும் அவர், "விடு," என்றார். மீன் குழம்பிலும் மணல் கடிபட்டது.

விடிய எழும்பியபோது குசினியின் பின்சுவர் உள்ளே விழுந்திருந்தது. அடுப்பு தெரியவில்லை. மணல் குசினிக்கு மேலால் ஏறி வீட்டுக் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா கையால் தோண்டித் தோண்டிச் சட்டிகளை எடுத்து வெளியே வைத்தார். ஒன்றும் உடையவில்லை என்று எனக்குக் காட்டினார். புருசன் சுருட்டைப் பற்றவைத்து, கூரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேலை கேட்டனீ எண்டு இவள் சொன்னவள்."

"ஓம் அண்ணை."

"கூரையைப் பிரி. ஓலை கிழியாமல் எடு, தடியளும் வேணும். அங்காலை எங்கையாவது கட்டுவம். கூலிக்கு மீன் தாறன்."

ஏணி எங்கே என்று தேடினேன். தேவைப்படவில்லை. பின்பக்கத்தால் மணலில் நடந்தே கூரைக்குப் போய், முதல் கட்டை அவிழ்த்தேன்.