வாயை மூடிக்கொண்டு ஒரு பேச்சுப் பயிற்சி

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தொழிலில் வாய்க்கு வேலை குறைவு, முழங்காலுக்குத்தான் அதிகம். ஐந்து வருஷம் எல்.கே.ஜி. மிஸ்ஸாக இருந்து தொண்டையைத் தேய்த்துக்கொண்ட எனக்கு இது தெரியாது. நாமும் தெரபி படித்தால் என்ன என்று ஆசை வந்ததும், ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் பயிற்சி நடத்தும் நித்யா மேடத்திடம் போய் நின்றேன். என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். "ஸ்கூல் லீவு முடியறவரைக்கும் கூட உட்கார்ந்து பாருங்க. உங்களுக்கு இது சரிப்படுமான்னு கடைசியில நேராவே சொல்லிடுறேன்" என்றார். சரிப்பட்டால் வேலையை விட்டுவிட்டு மறுபடி முதல் வருஷத்திலிருந்து கல்லூரி. சரிப்படாவிட்டால் ஜூனில் மறுபடி 'ஏ ஃபார் ஆப்பிள்'. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல் அவதிப்படும் அன்பர்களே, என் கதி உங்களுக்குப் புரியும்.

குமிழி டப்பா

கவினுக்கு நாலு வயது ஆகப் போகிறது. துவாக்குடியிலிருந்து அம்மா மலரோடு இரண்டு பஸ் மாறி வருவான். காது நன்றாகக் கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை வந்ததில்லை. வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்தோ அழுதோ வாங்கிவிடுவான். நித்யா மேடம் சோப்புக் குமிழி ஊதிக் காட்டுவார். பிறகு மூடியை இறுக்கி, டப்பாவை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, திறக்கச் சொல்லி ஒரு சத்தமாவது வராதா என்று ஒன்றும் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூலையில் பீரோ மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இட்ட ஒரே கட்டளை. அன்று அவன் டப்பாவைத் திருகிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், கடைசியில் உதடு பிதுங்க என்னைப் பார்த்தான். எந்த பீரோவுக்குத்தான் மனசு இளகாது? "இதோ மிஸ் திறந்து தரேன் கண்ணா" என்று சட்டென்று திறந்து கொடுத்துவிட்டேன். அறை முழுக்கக் குமிழி. கவினுக்குச் சந்தோஷம், மலருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். அவன் போனபிறகு மேடம் சொன்னார்: "ரெண்டு வாரமா அந்த மூடியை இறுக்கி வச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். பாவம் பாக்குறதா இருந்தா என்னைப் பாருங்கக்கா."

பாதி வாழைப்பழம்

வகுப்பில் ஒரு மிஸ் எப்படிப் பாடம் நடத்துவார் என்பது உங்களுக்குத் தெரியும். படத்தைக் காட்டி "இது யா...?" என்று இழுப்பார். "...னை!" என்று முப்பது குழந்தைகள் கத்தி முடிப்பார்கள். இந்தப் பழக்கம் என் ரத்தத்தில் ஊறியது. பயிற்சிக்கு வரும் தியா என்ற ஐந்து வயதுப் பெண்ணோடு வராந்தாவில் காத்திருக்கும் நேரத்தில் படம் பார்த்து விளையாடினேன். அவள் ஏற்கெனவே தட்டுத்தடுமாறி வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தவள். நான் இழுக்க, அவள் முடிக்க, எங்கள் ஜோடி பிரமாதமாக இருந்தது. மேடத்துக்கு ஒரு கை உதவியாக இருக்கிறோம் என்று எனக்குள் ஒரே பெருமை.

அடுத்த வாரம் தியாவின் அம்மா வந்து மேடத்திடம் முறையிட்டார்: "வாழைப்பழம்னு முழுசா சொல்லிட்டிருந்தா மேடம். இப்ப 'பழம்' மட்டும்தான் வருது. மீதி எங்கடின்னு கேட்டா, அது மிஸ் சொல்றதுங்கிறா."

விரல் பாஷை

உத்தர வீதியிலிருந்து வரும் முகுந்தன் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. பெரியப்பா கோயிலில் பாசுரம் சேவிக்கிறவர், குரல் கணீரென்று இருக்கும். "உன் பேர் என்ன?" என்று மேடம் முகுந்தனைக் கேட்டால் பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா நாலு பேரும் கோரஸாகச் சொல்வார்கள். குழந்தை விரலை நீட்டுவதற்குள் தீர்த்தம் வரும், தயிர் சாதம் வரும். "குழந்தை மனசுக்குள்ள எல்லாம் சேவிச்சுண்டுதான் இருக்கான். வெளியில சொல்லத்தான் இன்னும் திருவுள்ளமாகலை" என்பது பெரியப்பாவின் கட்சி.

அவனுக்காக யாரும் பேசக் கூடாது, ஒரு சத்தமாவது வரும்வரை எதையும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது என்று மேடம் ஒரு வாரத்துக்குக் கண்டிப்பான வீட்டுப்பாடம் கொடுத்தார். மறுவாரம் குடும்பத்தோடு வந்தார்கள். முகுந்தன் பழையபடியே விரலை நீட்டிக்கொண்டு ஜம்மென்று இருந்தான். பெரியப்பாதான் இளைத்திருந்தார். "தேவரீர் சொன்னபடி எல்லாரும் வாயைப் பொத்திண்டிருந்தோம். இப்போ ஆத்துல நாங்க நாலு பேரும் விரலாலதான் பேசிக்கறோம்."

அப்பா வந்த நேரம்

என் அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னும் அந்தத் தொழிற்சாலைப் பழக்கத்தில் எல்லாவற்றையும் நேரில் பார்த்துத்தான் நம்புவார். நிரந்தர வேலையை விட்டுவிட்டு இவள் அப்படி என்னதான் படிக்கப் போகிறாள் என்று பார்க்க, சாப்பாட்டு டப்பாவைச் சாக்காக வைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அவர் கதவைத் திறந்த நேரத்தில் நான் முதுகில் தியாவை ஏற்றிக்கொண்டு, நாலு காலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவும் முடியவில்லை, தியா இறங்கவும் மாட்டேன் என்றாள்.

அப்பா பாயில் உட்கார்ந்து கடைசிவரை பொறுமையாகப் பார்த்தார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொள்ளும்போதுதான் வாயைத் திறந்தார்: "மாடு நல்லாத்தாம்மா இருந்துச்சு. இதுக்கு நாலு வருஷம் படிக்கணுமா?"

கவின் சொன்னது

லீவு முடிய வந்துவிட்டது, கல்லூரிக்கு விண்ணப்பிக்கவும் கடைசி நாள் நெருங்கியது. அன்று மேடம் குமிழி டப்பாவை என் கையில் வைத்தார். "இன்னிக்குக் கவினை நீங்க பாருங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதைப் பாத்துட்டுத்தான் நான் சொல்லணும்." மலர் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். நான் ஒருமுறை ஊதினேன், மூடினேன், புடவைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

கவின் டப்பாவைக் கேட்டு என் கையை இழுத்தான். நான் அவன் முகத்தையே பார்த்தேன். தரையில் படுத்து உருண்டான், பார்த்தேன். அழுதான். தலைப்பை இன்னும் இறுக்கிக் கடித்தேன், அசையவில்லை. முன்பு உடனே திறந்து கொடுத்த ஏமாளி இன்று கல்லாக உட்கார்ந்திருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளி, தெளிவாக, கோபமாக, "போ" என்றான்.

"அய்யோ என் தங்கமே" என்று ஆரம்பிக்கப் போன என்னை மேடம் தடுத்தார். "அவன் சொன்னது நடக்கணும்க்கா. போன்னா போகணும். எந்திரிங்க." எழுந்து வாசலுக்கு வெளியே போய்ச் செருப்புகளுக்கு நடுவில் நின்றேன். கவின் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். ஒரு சத்தத்துக்கு இவ்வளவு பெரிய ஆள் நகர்வாளா என்று அவனுக்கு ஆச்சரியம். சோதித்துப் பார்த்தான். "போ." ஒரு படி இறங்கினேன். "போ." இன்னொரு படி. அவனுக்குச் சிரிப்பு பொங்கியது. இப்படியே ஒவ்வொரு படியாக என்னைத் தெருவரைக்கும் இறக்கிவிட்டான். கீழே ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தேன்.

மேலே மாடிப்படியின் உச்சியில் மலர், முகமெல்லாம் கண்ணீரும் கையில் போனுமாக நின்று என்னைக் கெஞ்சினார்: "மிஸ், மேல வந்து இன்னொரு தடவை அவனுக்குக் கோபம் வர வைங்க மிஸ், அவங்க அப்பா லைன்ல இருக்காரு."

மேடம் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் அன்று சாயங்காலமே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டேன்; ஒருவன் வாய் திறந்து போகச் சொன்னதற்காகவே இந்த இடத்தைவிட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தவள் திருச்சியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.