இரண்டாவது எல்போ

எரிவாயு ஆலையில் எந்த வேலைக்கு எந்தக் குழாய் என்று தேர்ந்தெடுப்பது அவள் பொறுப்பு. லேசில் கையெழுத்துப் போடமாட்டாள் என்பதால் ‘கறார் அக்கா’ என்று பெயர். அதே ஆலையில் பம்பு ஓட்டும் கணவனும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவான்.

அங்கே வரும் வாயுவில் கந்தக விஷம் உண்டு. ஈரத்தோடு சேர்ந்தால் அது கடினமான எஃகை உள்ளிருந்தே பிளந்துவிடும். அதனால் அவள் எப்போதும் மிருதுவான எஃகைத்தான் கேட்பாள்.

அவள் விடுப்பில் இருந்த வாரம், அவசரத்துக்கு வெளியில் இரண்டு எல்போ, அதாவது குழாய் வளைவுகள், வாங்கி மாட்டிவிட்டார்கள். திரும்பியதும் ஒரு வளைவின் மேல் கடினம் அளக்கும் கருவியை வைத்தாள். அளவு வரம்பைத் தாண்டி எகிறியது.

“சார், லைனை நிறுத்தி இதை வெட்டி எடுக்கணும்.”

“ஏம்மா, கல்லு மாதிரி உறுதியாத்தானே இருக்கு?” என்றார் மேலாளர்.

“அதுதான் சார் வில்லங்கமே. சொல்லாமக் கொள்ளாம பிளந்துக்கும்.”

முணுமுணுத்தபடி சம்மதித்தார். வெட்டிய துண்டின் உட்புறம் விரிசலைக் காட்டும் சாயம் பூசியதும், மயிரிழை மயிரிழையாகச் சிவப்புக் கோடுகள் தெரிந்தன. அவள் மேலாளரிடம் திரும்பினாள்.

“இன்னொண்ணு எங்க?”

“பம்பு கொட்டகையில.”

அவள் கணவன் அங்கேதான் இருந்தான். கொட்டகையின் வாயுக் கசிவு எச்சரிக்கை மணியோ பழுதுபார்க்கப் போயிருந்தது. அவனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, அங்க நாத்தம் எதுவும் அடிக்குதா?”

“வந்தப்ப அழுகின முட்டை மாதிரி குடலைப் புரட்டுச்சு. இப்ப சுத்தமா இல்ல.”

அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும்.

“உடனே வெளிய ஓடுங்க!”

“நம்ம ஹெல்ப்பர் பையன் சோடாபுட்டி கீழ பள்ளத்துல வால்வு பாக்கறான். கூட்டிட்டு வந்துடறேன்.”

“இறங்காதீங்க! முகமூடிக்காரங்களை அனுப்புறேன். நீங்க வெளிய வாங்க!”

அவன் தயங்கினான். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். வெளியே வந்தவன் வாசலைத் தாண்டி மண்டியிட்டு விழுந்தான். முகமூடி அணிந்தவர்கள் சோடாபுட்டியைத் தூக்கி வந்தபோது அவனுடைய தடித்த கண்ணாடி மட்டும் நேராக இருந்தது. மூச்சு இல்லை.

ஆலையை மூடி, ஒவ்வொரு வளைவையும் அவளே அளந்தாள். கொட்டகையிலிருந்த எல்போ பிளந்திருந்தது; வேறு எதுவும் தப்பாக இல்லை.

சோடாபுட்டியின் சாவு வீட்டிலிருந்து இருவரும் திரும்பினார்கள். கதவைத் திறக்கும்போது கணவன் கேட்டான்:

“வெளிய ஓடுறதுக்கு முன்னாடி நான் அவனுக்கு ஒரு குரலாவது கொடுத்திருக்கலாம்ல?”

“கேட்டிருக்காதுங்க. அதுக்கு முன்னாடியே…”

“உனக்கு எப்படித் தெரியும்?”

அவளுக்கும் தெரியாது.