சொம்புத் தண்ணீர்

ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வராந்தாவுக்கு என் தங்கை வறட்சியைக் கொண்டுவந்தாள். அவள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அங்கே செடிக்கூடத்தின் கூரை ஒழுகியதாம். பினாங்கு மழைக்கு ஒழுகாத கூரை எது? பேராசிரியரிடம் சொல்லிவிட்டுத் தொட்டிகளைக் காரில் ஏற்றி வந்து, சாரல் எட்டாத எங்கள் சுவரோரமாக அடுக்கினாள். அங்கே ஏற்கெனவே என் செம்பருத்தி இருந்தது. கேட்காமலே அதை மூலைக்குத் தள்ளினாள். கேட்டிருந்தால் நானே தள்ளி வைத்திருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

தொட்டிகளில் இருந்தவை கருவேலங்கன்றுகள். மழை அபூர்வமான ஊர்களில், ஆறு எப்போதாவது பெருகி நிரப்பிவிட்டுப் போகும் தாழ்நிலத்தில் வளர்பவை. சில மாதங்கள் தண்ணீரில் நிற்க வேண்டும், பிறகு வெடித்த மண்ணில் நிற்க வேண்டும். இரண்டையும் அந்தச் செடி எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பாதித் தொட்டிகளைத் தண்ணீர் நிரப்பிய வாளிகளில் இறக்கினாள். மீதியைக் காயப்போட்டாள். வாளியில் நின்றவை கொஞ்ச நாள் மஞ்சளடித்துக் கிடந்து, பிறகு தண்டிலிருந்தே புது வேர் விட்டன. காய்ந்தவை இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியும் முள்ளுமாக நின்றன.

“ஐயோ, செத்துப்போச்சா?” என்று அம்மா பதறினார்.

“சாகலம்மா. இலைய உதுத்துட்டுத் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க ஒண்ணும் பண்ணிடாதீங்க லா.”

அம்மா பவ்யமாகத் தலையாட்டினார். எங்கள் வீட்டில் சின்னவள் சொன்னால் அது வேதவாக்கு. நான் கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் பாலத்தைக் கடந்து, லாரிகளுக்கு நடுவே நெரிபட்டு வீடு திரும்பினால், “சாப்பிட்டியா?” என்பதோடு சரி. அவளை மட்டும் உட்கார வைத்து அன்றைய கதை முழுவதையும் அம்மா கேட்பார்.

சாமி படத்துக்கு முன்னால் அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் வைப்பார். மறுநாள் காலை புதுத் தண்ணீர் மாற்றும்போது பழையதை சிங்க்கில் கொட்ட மாட்டார். செடிக்குத்தான் ஊற்றுவார். அது எப்போதும் என் செம்பருத்திக்குப் போகும்; மாலையில் நானும் ஊற்றுவேன். சாமிக்குப் பூவும் அதிலிருந்துதான்.

ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். அம்மா என் செடியில் பூவைப் பறித்தார். சொம்பைக் கொண்டுபோய்க் காய்ந்து நின்ற கடைசிக் கருவேலத்தில் கவிழ்த்தார். மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும் அதே. பூ கொடுப்பது என் செடி, தண்ணீர் குடிப்பது அவள் செடி. ஒரு முள்ளுக்குச்சியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகக்கூட இல்லை.

சில வாரங்களில் அந்தக் கன்று மட்டும் துளிர்த்தது. தங்கை வராந்தாவில் குதித்தாள். “அக்கா, இங்க பாரேன்! தண்ணியே இல்லாம துளிர்க்குது! நாளைக்கே ப்ரொஃபசர்கிட்ட காட்டப் போறேன்!”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது போட்டு உடைத்தேன். நேர்மையால் ஒன்றும் இல்லை. அவள் முகம் ஒரு முறையாவது வாடட்டும், அம்மா ஒரு முறையாவது அவளிடம் திட்டு வாங்கட்டும் என்றுதான்.

“அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அம்மா தினமும் சாமித் தண்ணிய அதுக்கு ஊத்துறாங்க.”

தங்கையின் கை தட்டிலேயே நின்றது. அம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே முணுமுணுத்தார். “காஞ்சுபோயி நின்னுச்சு லா. பாவமா இருந்துச்சு. சாமித் தண்ணிதானே, என்ன பண்ணிடப் போவுது?”

“அப்ப என் செடி?”

“உன்னோடது எப்பவும் பச்சையாத்தானே இருக்கு.”

தங்கை கோபப்படவே இல்லை. “நல்லவேளை சொன்னக்கா. இதையும் சேத்திருந்தா என் ஆராய்ச்சியே போயிருக்கும்” என்று என் தோளைக் கட்டிக்கொண்டாள். அந்த நன்றியும் கசந்தது.

கூரையைச் சரிசெய்ததும் தொட்டிகளைத் திரும்ப எடுத்துப்போனாள். துளிர்த்த கன்று இனி ஆராய்ச்சிக்கு ஆகாது என்று அதை மட்டும் விட்டுப்போனாள். மறுநாள் காலை அம்மா சொம்போடு நேராக அதனிடம்தான் போனார்.

அன்றிலிருந்து நான் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். இந்த வீட்டில் ஆராய்ச்சி அவளுக்கு மட்டும்தான் வருமா? ஆனால் என்னுடையது பினாங்கில் வளர்ந்த செடி. காத்திருக்கத் தெரியாது. இலைகள் தொங்கின, மொட்டுகள் விரியாமலே விழுந்தன.

சொம்போடு பூப்பறிக்க வந்த அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் நான் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவர் செடியைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“உனக்கு என்னம்மா ஆச்சு? ஒடம்புக்கு முடியலையா? ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சனையா?”

புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அடுக்கி வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு, “ஒண்ணுமில்லம்மா” என்றேன். அவர் கையிலிருந்த சொம்பை வாங்கி, அவ்வளவு தண்ணீரையும் செம்பருத்திக்கே ஊற்றினேன். கருவேலத்துக்கு ஒரு சொட்டுகூட விடவில்லை. அதற்குத்தான் காத்திருக்கத் தெரியுமே.