குழாய் கேட்ட ராஜாக்கள்

தையல் மெஷின் மிதிக்கிற சகோதரிகளே, நவாபுக்குப் பைஜாமா தைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? எனக்கு உண்டு. ரவிக்கை தைக்கிறவளிடம் ராஜா உடுப்புக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்போது என் மூத்தவள் கைக்குழந்தை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவாளர் தெருவுக்குக் குழாய் கிடையாது. இடுப்பில் ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் குடம் என்று மூன்று தெரு தாண்டி நடப்போம். மனு கொடுத்து அலுத்துப்போய், நகராட்சித் தலைவரை எப்படியாவது தெருவுக்கு வரவழைக்கத்தான் தெருக்காரர்கள் ஒரு விவாத மேடை போட்டார்கள். மக்களுக்கு அதிகம் தண்ணீர் தந்தது யார் என்று பல்லவ ராஜாவும் ஆற்காட்டு நவாபும் வெள்ளைக்கார துரையுமாய் வேஷம் கட்டி மூன்று பேர் வாதாடுவார்கள். தலைவர் தீர்ப்புச் சொல்வார். ராஜா என் வீட்டுக்காரர். நவாப் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன். துரை, நூலுக்குச் சாயம் போடுகிற மாணிக்கம்.

குழியில் எடுத்த அளவு

அண்ணன் தறியில் கல்யாணப் புடவை. எழுந்திருக்க நேரமில்லை, உட்கார்ந்தபடியே அளவெடும்மா என்றார். தோள், மார்பு எல்லாம் எடுத்தேன். கால் இரண்டும் தறிக்குக் கீழே மிதிக்கிற குழிக்குள். எத்தனை வருஷமாய்ப் பக்கத்து வீடு; ஆனாலும் அவரை நான் இடுப்புக்கு மேல்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். குட்டையான ஆள் என்று நினைத்துத் தைத்துவிட்டேன். போட்டுக்கொண்டு நின்றார். பைஜாமா முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நவாப் பாலாத்துல எறங்கி நடந்துக்கினா வந்தாரு?"

தறியில் ஒத்திகை

ஒத்திகைக்குத் தனியாக ஏது நேரம்? நெய்துகொண்டேதான். நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் ராஜா, அந்தப் பக்கம் நவாப். குளம் வெட்டியது நான் என்று இவர் கத்த, கிணறு வெட்டியது நான் என்று அவர் கத்த, வாதச் சூட்டில் என் வீட்டுக்காரர் நெய்த புடவையில் ஒரு வரிசை பூப்புட்டாவே விட்டுப்போனது. நெசவுக்குக் கூலி கொடுக்கிற முதலாளி வந்து புடவையைத் தடவிப் பார்த்தார். வெறும் இடத்தில் விரல் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் இன்னும் ஓயவில்லை. "இங்கதான் நவாப் பேசினாராப்பா?"

நாலாவது நாற்காலி

மேடையில் நாலு நாற்காலி. நாலாவது, இந்தக் காலத்து நகராட்சித் தலைவர் வேஷத்துக்கு. எதிரே நிஜத் தலைவரே உட்கார்ந்திருக்க, அந்த வேஷம் போட யாருக்கும் துணிச்சல் இல்லை; நாற்காலி காலியாகவே கிடந்தது. மூவரும் பேசி முடித்ததும் பல்லவருக்குத்தான் ஜெயம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் கிளம்பப் பார்த்தார். குழாய்ப் பேச்சே வரவில்லை.

என் வீட்டுக்காரர் கிரீடத்தோடு இறங்கி வழியில் நின்றார். இன்னும் ஒருத்தர் பேசவில்லை, நீங்களே அந்த நாற்காலியில் உட்கார்ந்து இந்தத் தெருவுக்கு என்ன தந்தீர்கள் என்று சொல்லுங்கள் என்றார். தலைவர் நாற்காலியைப் பார்த்தார். முன்வரிசையில் பிள்ளையும் குடமுமாய் இருந்த எங்களைப் பார்த்தார். "வெறுங்கையோட அதுல உக்கார முடியாதுப்பா. குழாயப் போட்டுட்டு வந்து உக்காருறேன்."

அவர் வந்து உட்காரவில்லை, குழாய் வந்துவிட்டது. ராஜாவைத்தான் தெரு இன்னும் பதவியிறக்கவில்லை. இன்று காலையும் குழாயடியில் ஒருத்தி அவரிடம் சொன்னாள்: "ராஜாண்ணே, இந்தக் குடத்தக் கொஞ்சம் தூக்கி உடுங்களேன்."