காரிய வூட்ல தொறந்த வாய்

பதிமூணு பதினாலு வயசுல எனக்கு ஒரே கவலதான். எங்க போனாலும் என்ன ரெண்டாவது வாட்டி கூப்புட மாட்டாங்க.

கபடி ஆடப் போனேன். பாடிக்கிட்டே போயி, மூச்சு வாங்கி, எதிராளிங்க மத்தியில நானே உக்காந்துட்டேன். கேரம்ல காய வுட ஸ்ட்ரைக்கருதான் ஜாஸ்தி குழில வுழுந்துச்சு. புறா வளத்தேன். அது பக்கத்து தெரு புறாவோட குடும்பம் நடத்த அங்கியே போயிடுச்சு. படிப்பா? அந்த வாத்தியாருங்க மனச மறுபடி எதுக்கு நோகடிக்கணும்?

வேலையும் அப்பிடித்தான். எங்க கடலூரு முதுநகர்ல ஒரு சைக்கிள் கடைக்கு லீவு நாள்ல போனேன். பஞ்சர் ஒட்டச் சொன்னா, வந்தவருகிட்ட கத பேசிக்கிட்டே ட்யூப இன்னொரு எடத்துல கிழிச்சி வச்சேன். கடக்காரரு நல்ல மனுசன். "தம்பி, நீ சூப்பரா பேசுற. எங்கியாச்சும் போயி பேசு"ன்னு மரியாதையாவே அனுப்பிட்டாரு.

எங்க தெருவுல ஒரு அக்கா கல்யாணத்துக்கு சமையல் காண்ட்ராக்ட் எடுப்பாங்க. ஒரு ஞாயித்துக்கெழம பந்தியில பரிமாற ஆள் கொறையுதுன்னு என்னையும் வண்டியில ஏத்திக்கிட்டு சிதம்பரம் போனாங்க. சாம்பார் வாளியத் தூக்குனேன். பாதி யெலயில, பாதி மாப்ள வூட்டு மாமா வேட்டியில. அக்கா வாளியப் புடுங்கிட்டு, "நீ வாசல்ல நின்னு பீடா குடுடா. அதுல ஊத்தறதுக்கு ஒன்னும் இல்ல"ன்னாங்க.

வாசல்ல நின்னதும் என் வாய் தானா ஓட ஆரம்பிச்சிடுச்சு. "அத்த, பாயசம் ரெண்டு வாட்டி வாங்குனத நான் பாத்துட்டேன். அடுத்த விசேஷத்துக்கும் கண்டிப்பா வந்துடணும்!" போறவங்கள்லாம் சிரிச்சிக்கிட்டே போனாங்க. பொண்ணோட அப்பா அக்காகிட்ட வந்து, "வாசல்ல நின்ன பையன் யாரு? என் சின்னப் பொண்ணு கல்யாணத்துக்கும் அவனக் கூட்டியா"ன்னாரு.

ரெண்டாவது வாட்டி! என்னைய! அன்னிக்கி ராத்திரி எங்க அம்மாகிட்ட அத சொல்லி சொல்லி அவுங்கள தூங்க வுடல.

அப்பறம் ஞாயித்துக்கெழமன்னா அந்த வண்டியிலதான் நானு. ஒரு தடவ புவனகிரியில ஒரு பெரியவருக்கு பதினாறாம் நாள் காரியம். எங்க பக்கம் சாவு வூட்டுக்கு வாங்கன்னு கூப்புட மாட்டாங்க, போய்ட்டு வரேன்னு சொல்லிக்கவும் மாட்டாங்க. சாப்ட்டு கைய கழுவிட்டு கம்முனு கெளம்பிடணும். இது எனக்குத் தெரியும். என் வாய்க்குத் தெரியல.

கை கழுவுற எடத்துல பேப்பர் குடுக்க என்ன நிறுத்தியிருந்தாங்க. நாலஞ்சி பேரு வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். அப்பறம் தடி ஊனிக்கிட்டு ஒரு தாத்தா வந்தாரு. செத்தவரோட தம்பி. என்னப் பாத்து லேசா சிரிச்சாரு. அவ்ளோதான்.

"வயிறு நெறஞ்சிதா தாத்தா? அடுத்த விசேஷத்துக்கும் கண்டிப்பா வந்துடணும்!"

மொட்ட போட்டிருந்த, செத்தவரோட பெரிய புள்ள திரும்பிப் பாத்தாரு. அக்கா கரண்டியும் கையுமா அப்பிடியே நின்னுட்டாங்க. போச்சுடா, இந்த வண்டியிலயும் இனிமே எடம் கெடையாதுன்னு நெனச்சேன்.

தாத்தா பொறுமையா கையத் தொடச்சாரு. "நான் எங்கடா வர்றது? அடுத்தது என் காரியந்தான். யெல போட்டா எழுந்து வந்து சாப்புடவா?"

யாரோ பக்குனு சிரிச்சாங்க. பெரிய புள்ள செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. தோளு குலுங்குது. ஐயோ, அழ வச்சிட்டனேன்னு பாத்தா, "சும்மா இரு சித்தப்பா, நீ வேற"ன்னு சிரிச்சி சிரிச்சி கண்ணத் தொடைக்கிறாரு.

வண்டியில கடலூரு வர்ற வரைக்கும் குண்டானுக்கு நடுவுல இன்னொரு குண்டானாட்டம் குந்தியிருந்தேன். தெருமொனையில எறங்குறப்ப நானே கேட்டேன்.

"அக்கா, இனிமே வர வேணாமா?"

"சாம்பார் ஊத்தத் தெரியாது. சோறு போடத் தெரியாது. வாய மூடத் தெரியாது. உன்ன நானும் வுட்டுட்டா வேற எவன்டா வச்சிக்குவான்? வர்ற ஞாயித்துக்கெழம வளகாப்பு இருக்கு. வாசல் உன்னுது."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. எத்தினியோ பேரு என்னத் திருத்தப் பாத்தாங்க. இவங்க ஒருத்தங்கதான் இவன எங்க நிறுத்தலாம்னு பாத்தாங்க. இன்னிக்கி நான் கல்யாணத்துல மைக்கப் புடிச்சி பேசி சோறு திங்கிறேன்னா, அந்த அக்காவும் அந்தத் தாத்தாவும் போட்ட சோறு அது.

அன்னிக்கி அக்கா போகையில திரும்பி வந்து, புளிப்பு முட்டாயி ஒன்ன என் கையில வச்சாங்க.

"காரியத்துக்கு வந்தா இத வாயில போட்டுக்க. கடேசி ஆளு வாசலத் தாண்டற வரைக்கும் கடிச்சிடாத."