டயர் கடையில் ஒரு கிக் ரிட்டர்னர்

டயர் மாற்ற இன்று ஆலன் நகரில் உள்ள கடைக்குப் போனேன். நண்பன் செந்திலும் கூட வந்தான்.

கவுண்டரில் இருந்த உயரமான மனிதர் லேசாக நொண்டினார். அவரைப் பார்த்ததும் செந்தில் என் காதைக் கடித்தான்.

"டேய், இவர் பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் பிளேயர்டா. எதிர் டீம் கிக் பண்ற பாலைப் பிடிச்சிட்டு ஓடுவார். பிளேஆஃப்ல அதை டிராப் பண்ணி மேட்ச்சையே தோக்கடிச்சவர்."

அத்தோடு விட்டிருக்கலாம். அவரிடமே போய், "அந்தப் பந்தை விட்டது நீங்கள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான்.

"நான்தான்," என்றார் அவர். "முழங்கால் வீங்கியிருந்தது. வலி ஊசி போட்டு ஆட்டத்தில் இறக்கினார்கள். மறுநாள் காலையில் அணியை விட்டே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்னால் ஆறு வருடம் எங்கள் அணி வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகவும் ஓடியிருக்கிறேன். அதை யாரும் கேட்பதில்லை."

செந்தில் சிரித்தான். "எல்லாரும் இப்படி ஒரு காரணம் வச்சிருப்பாங்க," என்றான் என்னிடம், தமிழில்.

அவர் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்குக் கூசியது.

திரும்பி வரும்போது, ஃப்ரீவேயில், செந்தில் தன் கதையை ஆரம்பித்தான். போன வாரம்தான் அவனுக்கு லேஆஃப்.

"நாலு வருஷம் நாயா உழைச்சேன்டா. கடைசி சாஃப்ட்வேர் ரிலீஸ் சொதப்பிடுச்சு. அதுவும் ஜுரத்தோட பண்ணது. அதை மட்டும் வச்சுத் தூக்கிட்டாங்க. முன்னாடி பண்ணதெல்லாம் எவனுக்கும் ஞாபகம் இல்லை."

"அநியாயம்தான்," என்று மட்டும் சொன்னேன்.

நீங்களாக இருந்தால் அதற்கு மேல் வாயைத் திறந்திருப்பீர்களா?